வாய்க்கால் தெரு – அத்தியாயம் 9: சாமிதுரையின் சாவி

போன வாரம் சஃபியா கோபத்தில் கொண்டுவந்து வைத்த காலிக் குடம் இன்னும் கவுன்சிலர் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. நீலப் பிளாஸ்டிக் குடம். யாரும் எடுக்கவில்லை. எடுக்க யாருக்கும் தைரியம் வரவில்லை என்பதுதான் நிஜம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள பழையபடி தண்ணி வரலைன்னா மறியல்தான். பஸ்ஸையெல்லாம் மறிக்க மாட்டோம் தமிழு. உன்னைத்தான் மறிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்றைக்கு வியாழன்.

இந்த வாரம்தான் முதல்முறை படிக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு ஒரு வார்த்தை. வாய்க்கால் தெரு நம் ஊரின் கடைசித் தெரு. தொட்டியிலிருந்து புறப்படும் குழாய் பெரிய தெருவைச் சுற்றி, கடைத்தெருவைக் கடந்து, இங்கே வந்துதான் முடிகிறது. நூற்றுச் சொச்சம் குடும்பங்கள், மூன்று தெருக்குழாய்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். தெருவுக்குப் பெயர் கொடுத்த வாய்க்கால் சாக்கடையாகி ரொம்ப நாளாகிறது. அடிபம்பை அடித்தால் மஞ்சளாக வருகிறது. அதில் வெள்ளைச் சட்டையை அலசினால் அப்புறம் சாமியாராகப் போக வேண்டியதுதான்.

இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில் ஆறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. குறுவைச் சாகுபடிக்குத் திறந்துவிட்ட தண்ணீர். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பச்சை. இந்த ஊரில் தண்ணீர்க் கஷ்டம் என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஆற்றுத் தண்ணீரை அப்படியே மொண்டு உலை வைக்க அவர்கள் வரப்போவதில்லை.

இந்தத் தெருவிலிருந்து முதன்முதலாக ஒருத்தி கவுன்சிலர் ஆகியிருக்கிறாள். தமிழ்நிலா. துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த பெண். "தண்ணி வரும்" என்ற ஒரே பேச்சில் ஜெயித்தாள். அதற்கப்புறம் நடந்த கூத்துதான் இந்தக் கதை. வந்துகொண்டிருந்த தண்ணீரும் குறைந்துவிட்டது! வீட்டுக்கு ஆறு குடம் பிடித்த தெரு, அவள் ஜெயித்த பிறகு இரண்டு குடத்துக்கு அடித்துக்கொள்கிறது.

யாரோ திருடுகிறார்கள் என்று நகராட்சியில் புகார் கொடுத்திருந்தாள் தமிழ்நிலா. "தண்ணீர்த் திருடர் யாராக இருந்தாலும் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று அவளே சொல்லிச் சொல்லி எழுதிய புகார். இன்றைக்கு இன்ஜினியர் வந்து பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

*

விடிகிற நேரத்தில் குழாய் இருமியது. முதலில் காற்று, அப்புறம் துரு, அதற்கப்புறம்தான் தண்ணீர்.

சஃபியா வரிசையில் நாலாவதாக நின்றாள். இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அரிசியும் உளுந்தும் முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போட்டாகிவிட்டது. கணவன் யூனுஸ் சவூதியில். போனில் குரல் மட்டும் தவறாமல் வருகிறது.

வேம்பு கடைசியில் நின்றாள். தமிழ்நிலாவின் அம்மா. மகள் ஜெயித்த மறுநாளிலிருந்து அவள் கடைசியில்தான் நிற்கிறாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை. கவுன்சிலரைப் பெற்றவள் முன்னால் போய் நிற்கிறாள் என்று ஒரு வாய் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்காக எத்தனையோ நாள் அவள் காலிக் குடத்தோடு திரும்பியிருக்கிறாள்.

இன்றைக்கு அவள் முறை வந்தபோது தண்ணீர் நூலாகிவிட்டது. குடத்தைச் சாய்த்துப் பிடித்தாள். பாதி நிறைவதற்குள் குழாய் 'க்ளக்' என்றது. முடிந்தது.

"எனக்கு ரெண்டு குடம். அரைக்க ஒண்ணு, கிரைண்டர் கழுவ ஒண்ணு" என்றாள் சஃபியா, ஊருக்கே கேட்கிற மாதிரி. "புள்ளைங்க குடிக்கறதுக்கு உங்க மககிட்ட வந்து கேக்கட்டுமா வேம்பக்கா?"

"கேளு."

"கேட்டா குடுக்குமா?"

"அதுகிட்ட இருந்தாத்தானே குடுக்கும்" என்றாள் வேம்பு. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். அரைக்குடம் தளும்பிக்கொண்டே வந்தது. முழுக் குடத்தைவிட அரைக்குடம் தூக்குவதுதான் கஷ்டம். தூக்கியவர்களுக்குத் தெரியும்.

வீட்டில் தமிழ்நிலா பருத்திப் புடவையைக் கட்டி முடித்திருந்தாள். கூட்டத்துக்குப் போகும்போது கட்டுகிற புடவை.

"இன்னைக்குப் போகாதே தமிழு" என்றாள் வேம்பு.

"ஏம்மா?"

"தலைவலின்னு சொல்லிடேன்."

"யாருக்குத் தலைவலி?"

"எனக்குத்தான்."

தமிழ்நிலா சிரித்துவிட்டாள். வேம்பு சிரிக்கவில்லை. அரைக்குடத்தை இறக்கி, தட்டுப் போட்டு மூடினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, வாசலில் சைக்கிள் ஸ்டாண்ட் போடும் சத்தம் கேட்டதும் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சாமிதுரை வந்துவிட்டார். தமிழ்நிலாவின் அப்பா. நகராட்சியில் வால்வு திறக்கிற வேலை. இவ்வளவு வருஷமாகியும் ஒப்பந்தத் தொழிலாளிதான். நெஞ்சுயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி, மேலே குறுக்குப் பிடி. அதற்குச் சாவி என்று பெயர். குழிக்குள் விட்டுச் சுற்றினால் ஒரு தெருவுக்குத் தண்ணீர் போகும், இன்னொரு தெருவுக்கு நிற்கும். அந்தச் சாவியைச் சைக்கிளிலிருந்து அவிழ்த்து வழக்கமான மூலையில் சாத்தினார்.

"எங்க கிளம்பிட்டே?"

"பரணிதரன் சார் வர்றாருப்பா. தொட்டியிலேர்ந்து நம்ம தெரு வரைக்கும் நடந்தே பாக்கப் போறோம். எவன் திருடுறான்னு இன்னைக்குத் தெரிஞ்சிடும்."

நீராகாரச் சொம்பை எடுத்த அவர் கை பாதியில் நின்றது.

"தெரிஞ்சா?"

"தெரிஞ்சா என்ன, விட மாட்டேன். யாரா இருந்தாலும் சரி."

சாமிதுரை சொம்பை அண்ணாந்து முழுசாகக் குடித்து முடித்தார். வாயைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"போயிட்டு வா" என்றார்.

*

உதவிப் பொறியாளர் பரணிதரன் நல்ல மனுஷர். ஊருக்குப் புதுசு. கோபமே வராது, அவசரமும் வராது. கூடவே ஃபிட்டர் புகழேந்தி ஒரு பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு வந்தான். மூன்று பேரும் தொட்டியடியிலிருந்து நடந்தார்கள். வெயில் அதற்குள் உச்சிக்கு வந்த மாதிரி அடித்தது.

பெரிய தெருவில் ரெத்தினம் அம்மாள் வீட்டு மாடித் தொட்டி நிரம்பி, சுவரோரமாக வழிந்து, ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. தமிழ்நிலா நின்றுவிட்டாள். செருப்புக்கடியில் தண்ணீர் ஓடியது. சில்லென்று இருந்தது.

ரெத்தினம் அம்மாளே வெளியே வந்தார். நல்ல வார்த்தை பேசுகிறவர்.

"வாங்க சார். அடடே, நம்ம கவுன்சிலர் பொண்ணா, வாம்மா. அது தானா நிக்கிற சுவிட்ச் கெட்டுப்போச்சு. எலக்ட்ரீஷியன் வர்றேன் வர்றேன்னு ஒரு வாரமா ஏமாத்துறான்."

"போர் இருக்குங்களா?" என்று கேட்டார் பரணிதரன்.

"இருக்கு. போன வருஷம் இன்னும் ஆழமா இறக்கினோம். முனிசிபாலிட்டித் தண்ணி கீழ சம்ப்புத் தொட்டியில விழும். அது செடிக்கும் காருக்கும்தான் சரியா இருக்கு. குடிக்கறதுக்கு எங்களுக்குக் கேன் தண்ணி."

சொல்லிவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பரணிதரனுக்கு எவர்சில்வர் டம்ளர். தமிழ்நிலாவுக்கும் புகழேந்திக்கும் பேப்பர் கப்.

யாரும் எதையும் கவனிக்காத மாதிரி இருந்தார்கள். தமிழ்நிலாவுக்குக் காதுமடல் சுட்டது. குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். ஆனால் தாகம். காலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. வீட்டிலிருந்த அரைக்குடத்தில் கைவைக்க மனசு வரவில்லை. குடித்தாள். கப்பைக் கசக்கித் தன் கைப்பையிலேயே போட்டுக்கொண்டாள்.

வாய்க்காலின் முதல் வயலான தலைமடை நிரம்பினால் அதன் சொந்தக்காரன் மடையை அடைத்தே ஆக வேண்டும். அடைக்காவிட்டால் அவன் பயிர்தான் அழுகும். அந்தப் பயத்தில்தான் கடைசியிலிருக்கும் கடைமடைக்குத் தண்ணீர் போகிறது. ஊருக்குள் அந்தப் பயம் கிடையாது. ஒரு தொட்டி நிரம்பினால் இன்னொரு தொட்டி கட்டிக்கொள்ளலாம். சிமெண்டும் செங்கல்லும் அழுகாது பாருங்கள்.

கடைத்தெரு முக்கில் வால்வுக் குழி. இங்கேதான் குழாய் வாய்க்கால் தெருவுக்குத் திரும்புகிறது. புகழேந்தி இறங்கிப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், ஏறி வந்தான்.

"லீக் இல்ல சார். திருட்டுக் கனெக்‌ஷனும் இல்ல."

"அப்ப எங்க தண்ணி எங்க சார் போவுது?" என்றாள் தமிழ்நிலா.

"எங்கயும் போகல மேடம்" என்றார் பரணிதரன் நிதானமாக. "உங்க தெருவுக்கு உள்ளதே அவ்வளவுதான். பெரிய தெருவுக்கு ரெண்டு மணி நேரம், வாய்க்கால் தெருவுக்கு அரைமணி நேரம். அதுதான் முறை."

"நூறு குடும்பத்துக்கு அரைமணி நேரமா?"

"குடும்பத்தை வச்சு இல்ல மேடம், இணைப்பை வச்சு. அங்க வீட்டுக்கு வீடு இணைப்பு. உங்களுக்கு மூணு குழாய். அப்ப மூணு இணைப்பு."

"யாரு சார் இப்படிப் போட்டது?"

"நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

அவர் பொய் சொல்லவில்லை. இந்த ஊரில் எந்த அநியாயத்தைக் கேட்டாலும் அது எல்லோரும் வருவதற்கு முன்னாடியே இருந்திருக்கிறது.

"ஆனா முன்னாடி ஆறு குடம் வந்துச்சு சார்! சத்தியமா. தெருவில யாரை வேணா கேளுங்க. இப்பதான் ரெண்டு."

சாட்சி சொல்லி ஜெயித்துவிட்ட மாதிரி சொன்னாள் தமிழ்நிலா. பரணிதரன் நெற்றியைச் சுருக்கினார்.

"அதான் எனக்கும் புரியல. முறைப்படி திறந்தா ஆறு குடம் வரவே வராது. யாரோ பெரிய தெருவை முன்னாடியே மூடிட்டு உங்களுக்குக் கூடுதலா விட்டிருக்காங்க. இப்ப நிறுத்திட்டாங்க. அப்படின்னா திருட்டு நடந்தது இப்ப இல்ல மேடம், முன்னாடிதான்." புகழேந்தி பக்கம் திரும்பினார். "இந்த வால்வு யாரு பொறுப்பு?"

புகழேந்தி தன் செருப்பைப் பார்த்தான்.

"உன்னைத்தான்யா கேக்குறேன்."

"சாமிதுரை அண்ணன் சார்."

பேரைச் சொல்லிவிட்டுப் புகழேந்தி கவுன்சிலரை ஓரக்கண்ணால் பார்த்ததில்தான் பரணிதரனுக்கு ஏதோ தட்டுப்பட்டது. தமிழ்நிலாவைப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"எங்கப்பா சார்."

கடைத்தெருவில் நீடாமங்கலம் பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே திரும்பியது. அது போகும்வரை மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள்.

"புகாரை வாபஸ் வாங்கிக்கிறேன் சார்" என்றாள் தமிழ்நிலா. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை.

"இனிமே முடியாது மேடம். முனிசிபாலிட்டி கமிஷனர் விசாரணைக்கு உத்தரவு போட்டுட்டாரு. நாளைக்குக் காலைல உங்க தெருவுக்கே வர்றாரு. முன்னாடி எத்தனை குடம் வந்துச்சு, இப்ப எத்தனைன்னு ஜனங்களைத்தான் கேப்பாரு. அவங்க சொல்றதுதான் சாட்சி." கொஞ்சம் தயங்கினார். "ஆறு குடம்னு சொன்னா, உங்கப்பா கூடுதலா விட்டாருன்னு ஆயிடும். ஒப்பந்த ஆளு. நோட்டீஸ்கூட இல்லாம வேலையை விட்டு எடுத்துடுவாங்க. எனக்கு வருத்தமாத்தான் இருக்கு."

*

வீட்டுக்கு வந்த தமிழ்நிலா புடவையை மாற்றவில்லை. சாமிதுரை தரையில் துண்டை விரித்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை.

"அப்பா."

"சொல்லு."

"நீங்கதானா?"

சாமிதுரை எழுந்து உட்கார்ந்தார். அடுப்படியிலிருந்து வேம்பு வந்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவள், இத்தனை நாள் அடக்கி வைத்ததை ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"அவருதான்டி! எத்தனையோ வருஷமா அவருதான் விட்டாரு. பெரிய தெருவில சம்ப்பு ரொம்பினதும் மூடிட்டு நம்ம பக்கம் திருப்பி விடுவாரு. அங்க ஒருத்தனுக்குக்கூடக் குறைஞ்சது தெரியல. ரொம்பினதுக்கு மேல வழிஞ்சு ஓடறதைத்தானே நிறுத்தினாரு? நீ ஜெயிச்சே. மாலையோட வந்து நின்னே. அன்னைக்கே சொல்லிட்டாரு, இனிமே முறைப்படிதான்னு. உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டாரு. நான் என்னத்தைச் சொல்ல?"

தமிழ்நிலா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"ஏம்பா நிறுத்தினீங்க? நான் ஓட்டு கேட்டதே தண்ணிக்குத்தானே?"

"நீ ஜெயிக்கற வரைக்கும் நான் வால்வு திறக்கறவன்" என்றார் சாமிதுரை. "குழிக்குள்ள குனிஞ்சிருக்கறவனை யாரும்மா பாக்கப் போறான்? ஒரு சுத்து கூடுதலாப் போனாலும் கேக்க ஆளு கிடையாது. இப்ப நான் கவுன்சிலரோட அப்பன். சைக்கிள்ல போனாக்கூட வணக்கம் வைக்கறான். வணக்கம் வைக்கறவன் கண்ணு என் கை மேலதான் இருக்கு."

"இருந்தா இருக்கட்டும்."

"இருக்கட்டும்னு நீ சொல்லுவே. அவன் என்னா சொல்லுவான் தெரியுமா? இவனுங்களைப் பதவியில உக்கார வச்சா இப்படித்தான், அப்பன் தண்ணியத் திருடுறான்னு சொல்லுவான். அந்த வார்த்தைக்குத்தான் பெரிய தெருவே காத்துக் கிடக்குது. என்னால உனக்கு அந்தப் பேரு வரக் கூடாதுன்னு நினைச்சேன். அவ்வளவுதான் என் புத்திக்கு எட்டிச்சு."

"அதுக்குத் தெரு முழுக்கத் தாகத்துல கிடக்கணுமா?"

"தப்புதான்" என்றார் அவர். "நான் இல்லேன்னா சொல்றேன்?"

அதற்கு மேல் என்ன கேட்பது? தமிழ்நிலாவுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அப்பா மேல் கோபப்படலாம் என்றால் அவர் முதுகு வளைந்திருந்தது. இன்ஜினியர் மேல் கோபப்படலாம் என்றால் அவர் 'மேடம்' என்று கூப்பிட்டார். ரெத்தினம் அம்மாள்கூடத் தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தவர்தான். கடைசியில் கைப்பையைத் திறந்து, கசங்கிக் கிடந்த பேப்பர் கப்பை எடுத்து மூலையில் எறிந்தாள். அது சாவிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது.

யாரும் சாப்பிடவில்லை. வேம்பு மட்டும் ஒரு தடவை, "நாளைக்கு வேலை போயிருமாங்க?" என்று கேட்டாள்.

"போயிரும்" என்றார் சாமிதுரை.

*

இந்தத் தெருவில் தண்ணீர் வராவிட்டாலும் சேதி வந்துவிடும். புகழேந்தி டீக்கடையில் யாரிடமோ வாய்விட்டிருக்கிறான். பள்ளிவாசலில் அந்தி நேரத்து மஃரிப் பாங்கு முடிந்த கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆள் நடமாட்டம் கேட்டது.

சஃபியா முன்னால் நின்றாள். பின்னால் ஏழெட்டுப் பெண்கள். மறியல் இன்றைக்கே வந்துவிட்டதோ என்று தமிழ்நிலா எழுந்து வந்தாள்.

சஃபியா அவளைப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு வாரமாகக் கிடந்த தன் நீலக் குடத்தை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"அண்ணே" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "நீங்கதான் விட்டீங்கன்னு தெரியாமப் போச்சேண்ணே. அல்லா மேல ஆணையா தெரியாது. இந்த வாயால என்னென்னவோ பேசிட்டேன்."

சாமிதுரை எழுந்து வாசற்படி வரைக்கும் வந்தார். "இருக்கட்டும் தாயி" என்றார்.

வேம்பு சஃபியாவின் இடுப்பிலிருந்த குடத்தைப் பார்த்தாள்.

"மாவு அரைச்சு முடிச்சியா?"

"ஒரு ஈடுதான் ஆச்சுக்கா. மிச்ச அரிசி அப்படியே கிடக்குது. வாடை அடிக்க ஆரம்பிச்சிட்டுது."

வேம்பு உள்ளே போய்க் காலையில் பிடித்த அரைக்குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சஃபியா "வேணாங்கா, வேணாங்கா" என்று சொல்லச் சொல்ல நீலக் குடத்தில் சாய்த்து ஊற்றினாள். அந்த வீட்டில் இருந்ததே அவ்வளவுதான்.

சஃபியா கண்ணைத் துடைத்துக்கொண்டு தமிழ்நிலா பக்கம் திரும்பினாள். குரலைத் தாழ்த்தினாள்.

"இங்க பாரு தமிழு. நாங்க பேசி முடிவு பண்ணிட்டோம். நாளைக்கு அந்த ஆபீசர் வந்து கேட்டா, எப்பவுமே ரெண்டு குடந்தான் வந்துச்சுன்னு சொல்லிடுவோம். எல்லாரும் ஒரே பேச்சு. ஒருத்திகூட மாத்திப் பேச மாட்டா. அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆமா தமிழு" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. "மறியலும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"நீயும் அதையே சொல்லிடணும்" என்றாள் சஃபியா. "ஏதோ தெரியாம எழுதிட்டேன், பேசிட்டேன்னு சொல்லு. உன்னை நாலு வார்த்தை திட்டுவான். திட்டிட்டுப் போறான், விடு."

சாமிதுரையின் தோள் இறங்கியதைத் தமிழ்நிலா பார்த்தாள். மத்தியானத்திலிருந்து இறுகிக் கிடந்த முகம் தெளிந்தது. அவரைக் குறை சொல்லாதீர்கள். இந்த வயசில் இன்னொரு வேலை தேடிப் போக யாருக்குத்தான் தெம்பு இருக்கிறது? தமிழ்நிலாவுக்கும் நெஞ்சில் ஏறியிருந்த கல் ஒன்று நகர்ந்த மாதிரிதான் இருந்தது. சரி என்று சொல்ல அவள் தலை பாதி அசைந்தும்விட்டது.

"நான் சொல்ல மாட்டேன்."

வேம்புதான். காலியான குடத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நிலைப்படியில் நின்றாள்.

"என்னக்கா?" என்றாள் சஃபியா.

"ரெண்டு குடம்னு நான் சொல்ல மாட்டேன். ஆறு குடம் வந்துச்சு. ஆறுன்னுதான் சொல்லுவேன்."

"வேம்பு" என்றார் சாமிதுரை. அதட்டலாக ஆரம்பித்து, கெஞ்சலாக முடிந்தது அந்தக் குரல்.

"என் வாயை அடைக்காதீங்க. ஒரு தடவை அடைச்சது போதும்." அவருக்குச் சொல்லிவிட்டு மகளைப் பார்த்தாள். "எப்பவும் ரெண்டுதான்னு நாளைக்கு நாமளே சொல்லிட்டா, அவன் அதை எழுதிக்குவான்டி. வாய்க்கால் தெருவுக்கு ரெண்டு குடமே போதும், அவங்களே சொல்லிட்டாங்கன்னு எழுதிக்குவான். அப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நீ மூணாவது குடம் கேப்பே? இந்தப் புள்ளைங்கல்லாம் வளர்ந்து வந்து கேட்டாக்கூட அந்தக் காயிதத்தைத்தான் எடுத்துக் காட்டுவான்."

"அப்பாவுக்கு வேலை போயிடும்மா" என்றாள் தமிழ்நிலா.

"தெரியும்."

"அப்பாவைத் திருடன்னு சொல்லுவாங்க."

"சொல்லட்டும். ஆமாய்யா, என் புருஷன்தான் திறந்து விட்டாரு, வழிஞ்சு ரோட்டுல ஓடுன தண்ணியத்தான் விட்டாரு, அதுல நூறு வீட்டுல உலை கொதிச்சுதுன்னு நான் சொல்லுறேன். நீ கவுன்சிலரு, உனக்கு என்ன சொல்லணும்னு தோணுதோ நீ சொல்லிக்க. நான் தண்ணி தூக்கறவ. எத்தனை குடம் தூக்கினேன்னு என் இடுப்புக்குத் தெரியும். இல்லேன்னு சொல்ல எனக்கு வராது."

சஃபியா இடுப்புக் குடத்தைக் கை மாற்றினாள். "இந்தக்காவுக்கு என்ன புடிச்சிருக்கு? அவங்க வீட்டுச் சோத்துல அவங்களே மண்ணைப் போட்டுக்குறாங்களே" என்று மெதுவாகச் சொன்னாள். ஆனால் அங்கிருந்து போகவில்லை. பின்னால் நின்ற பெண்களும் போகவில்லை.

தமிழ்நிலா அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். காலையில் கமிஷனர் முதலில் அவளைத்தான் கேட்பார். ஆறு என்றால் அப்பா. இரண்டு என்றால் தெரு. அவளுக்கு அழுகை வந்தது. இத்தனை பேர் முன்னால் கவுன்சிலர் அழக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

சாமிதுரை மூலைக்குப் போனார். சாவியை எடுத்தார். அதன் பிடியில் அவர் கை படுகிற இடம் மட்டும் தேய்ந்து பளபளத்தது.

"ஆறுன்னு நீ சொல்லிட்டே, சரி" என்றார் மனைவியிடம். கோபமாகக்கூட இல்லை, களைப்பாகத்தான் கேட்டார். "சனிக்கிழமை வால்வை யாரு வேம்பு திறப்பா?"

வேம்பு காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். தெருவிளக்கு அப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. குழாயடியில் ஒரு குடமும் இல்லை. சனிக்கிழமைத் தண்ணீருக்கு வியாழக்கிழமையே யாரும் இடம் பிடிப்பதில்லை.

வேம்பு தன் குடத்தைக் குழாய்க்கு நேர் கீழே, முதலாவதாக வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி நடந்தாள்.